இரண்டாவது பூச்சு

1998-ஆம் வருடம், புரட்டாசி மாதக் கடைசி. நான் கோவில்பட்டியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள் வரைகிற ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அப்போதே அந்த வேலையில் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மயில், கிளி, ரோஜா, கப்பல், விமானம் என்று நான் வரையாதது கிடையாது. எங்கெங்கேயோ எத்தனையோ பேர் வீட்டு அடுப்படியில் என் கிளி உட்கார்ந்திருக்கிறது. வரைந்தவன் யாரென்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரி ஒன்றில் வாத்தியாராக இருந்த என் பள்ளித் தோழன் ஒருநாள் அச்சகத்துக்குப் போன் செய்தான். மாணவர் பரிமாற்றத்தில் பின்லாந்திலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், ஒரு வருடம் இங்கே படிப்பாள், அதில் நாலைந்து மாதம் வெளியூரில் தங்கி ஒரு படைப்பைச் செய்து முடித்துக் காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் அவளுக்கு அந்தப் பருவத்துக்கு மதிப்பெண், தீப்பெட்டி லேபிள் என்றால் அவளுக்கு உயிர், உன் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது என்றான். லேபிளைப் பார்க்கக் கடல் கடந்து ஒருத்தி வருகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன்.

வந்த அன்றைக்கே அவள் எங்களைக் கதிகலங்க வைத்தாள். அப்போது எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வர எட்டு நாள், பத்து நாள் ஆகும். பிடித்து வைத்த ஒரு டிரம் தண்ணீரையும் அவள் ஒரே குளியலில் தீர்த்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தாள். என் மனைவி காலி டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் ஒரு வாளியையும் செம்பையும் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, எத்தனை செம்பு என்று விரல்விட்டுக் காட்டினாள். ஒரு மாதத்தில் அவள், நான் கை கழுவும்போது அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் “அண்ணாச்சி, போதும்” என்று அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

சாப்பாடுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழம்பு விளாத்திகுளம் மிளகாயில் வைப்பது. முதல் வாய் வைத்ததும் அவள் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்கக் கடலை மிட்டாயும் மோருமாக ஓட்டினாள். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள், ஊருக்கு வெளியே கரிசலைப் பார்க்கிறேன் என்று நடந்து போனவள், கால் ஒவ்வொன்றிலும் ஒரு படி மண்ணை அப்பிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கியபடி திரும்பினாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடப் பழகிவிட்டாள். என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அடுப்படியில் இரண்டு பேரும் மணிக்கணக்காக என்னதான் பேசுவார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அச்சகத்துக்கு முதல் பத்து நாள் என்னோடு வந்தாள். எந்த நிறத்துக்கு எந்தத் தாளில் வரைய வேண்டும், கட்டைவிரல் அகலத்தில் எப்படி ஒரு கிளியை அடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நீயும் ஒரு கிளி வரைந்து காட்டு என்றேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு கிளி வரைந்தாள். லேபிளுக்கு ஆகாத கிளி. கழுத்து நீண்டு, ஏதோ யோசித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. நான் என் பிரஷ்ஷை எடுத்து, அவள் கண்ணெதிரேயே, மூக்கை வளைத்து, கழுத்தைக் குறுக்கி, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, இப்போது இது உங்கள் கிளி ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் அச்சகத்துக்கு வரவில்லை.

மாடி அறையில் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் போனேன். அறையில் கிழக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல் உண்டு. காலை வெயில் அதன் வழியாக நுழைந்து எதிர்ச்சுவரில் நீளக் கட்டமாக விழும். அவள் தினமும் காலை ஏழரை மணிக்குச் சரியாக, அந்த வெயில் கட்டத்தின் ஓரத்தை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். நேற்றைய கோட்டுக்குப் பக்கத்தில் விரலகலம் தள்ளி இன்றைய கோடு. மேகம் மூடிய நாளுக்குக் கோடு கிடையாது, கீழே ஒரு புள்ளி மட்டும். என்ன இது என்று கேட்டேன். “வெயில்” என்று தமிழிலேயே சொன்னாள். அவள் ஊரில் இந்த மாதங்களில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுமாம். அது தெற்கே போய்த் திரும்புகிறவரைக்கும் கூடவே போகப் போகிறாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் அச்சகத்தில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். கோவில்பட்டியில் வந்து வெயிலை வரைகிறாளாம், ஆளுக்கு ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிடலாமே என்றேன். அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்தது. பசுவந்தனையில் மானாவாரி வெள்ளாமை வைத்திருந்த என் மாமனார் வானத்தைப் பார்த்து மழை, மழை என்று கிடந்தார். குச்சி காயவில்லையே என்று தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் வெயிலுக்கு ஏங்கினார்கள். அவர்களோடு சேர்ந்து மாடியில் ஒருத்தியும் வெயிலுக்குக் காத்திருந்தாள்.

வெளியே சிரித்தாலும் உள்ளே எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடத்தில் என் லேபிளைப் பார்க்க என்றே ஒரு ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆளும் பத்தே நாளில் லேபிளை விட்டுவிட்டு, என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மார்கழியில் தன் சின்னக் கேமராவில் அந்தச் சுவரைப் படம் எடுத்து, பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தாள். வெறும் சுவர்தான் வந்திருந்தது. மெல்லிய பென்சில் கோடுகள் ஒன்றும் விழவில்லை. தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, கல்லூரியில் நல்ல கேமரா ஒன்று கேட்டு வாங்கிவரப் போகிறேன் என்று சென்னைக்குக் கிளம்பினாள். பொங்கலுக்கு முந்தின நாள் வந்துவிடுவேன் என்றாள். கேமரா எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய்.

அவள் போன ஒரு வாரத்தில், மாமனார் வீட்டில் உளுந்து எடுப்பு என்று என் மனைவி இரண்டு நாளைக்குப் பசுவந்தனைக்குப் போனாள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைத் தான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அன்று சாயங்காலமே வெள்ளையடிக்கிறவர் என்னைப் பஜாரில் பார்த்து, நாளைக்கு விட்டால் பொங்கலுக்குள் தனக்கு நாளே இல்லை என்றார். நான் லீவு போட்டேன்.

மறுநாள் காலையிலேயே அவர் சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, வெள்ளையடிக்கிற மட்டையோடு ஆரம்பித்துவிட்டார். கீழ்வீடு மத்தியானத்துக்குள் முடிந்தது. எல்லாச் சுவருக்கும் ஒரு பூச்சு. பிறகு மாடிக்குப் போனவர் கையில் மட்டையோடு இறங்கி வந்தார்.

“அண்ணாச்சி, மேல ஒரு செவுத்துல கோடு கோடா என்னமோ வரைஞ்சிருக்கு. படமாட்டம் தெரியுது. அத விட்டுட்டு மிச்சத்த அடிக்கட்டா?”

நான் மேலே போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் விலகி விலகி நின்ற கோடுகள் வலப்பக்கம் போகப் போக நெருங்கி, கடைசியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுத்துப் போயிருந்தன. நடுநடுவே மழை நாள் புள்ளிகள். பொங்கலும் அதுவுமாக வீட்டில் ஒரு சுவரை மட்டும் அழுக்காக விடுவதா என்று ஒரு நினைப்பு. வந்து பார்க்கிற பெண்ணுக்கு அறை பளிச்சென்று இருக்கட்டுமே என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் நல்ல நினைப்புகள்தான். அவற்றின் முதுகுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது.

“அதெல்லாம் கிறுக்கல். சேத்து அடிச்சிருங்க” என்றேன்.

அவர் அடித்தார். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கோடுகள் லேசாகத் தெரிந்தன. காய்ந்தால் மறைந்துவிடும் என்று அவர் சொன்னார். நான்தான், “அந்தச் செவுத்துக்கு மட்டும் ரெண்டு தடவ அடிங்க” என்றேன்.

என் மனைவி மறுநாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீடு பளபளப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு ஏதோ நினைத்தவளாக மாடிக்கு ஓடினாள். இறங்கி வரவில்லை. நான் மேலே போனபோது அந்தச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன காரியம் பண்ணிட்டிய? இது அவ மூணு மாசத்து வேலைல்லா? போட்டோ எடுக்கத்தான கேமரா வாங்கப் போயிருக்கா.”

“எனக்கு எப்படித் தெரியும்” என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

“கடைசி ஆறு கோடு நான் போட்டது. அவ இல்லாத நாளுக்கு என்னயத்தான் போடச் சொல்லிட்டுப் போனா. ரெண்டு நாளைக்குப் புள்ளி வச்சுக்கிடலாம்னுதான் ஊருக்கே போனேன். வெயிலு திரும்ப ஆரம்பிச்சிட்டு. அவ வந்ததும் காட்டணும்னு இருந்தேன்.”

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. என் மனைவி பென்சிலைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. நான் கொண்டுவருகிற புது லேபிளைக்கூட அவள் ஒருநாளும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. ஆறு நாள், காலை ஏழரை மணிக்கு, நான் கீழே காப்பி குடித்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் மேலே நின்று வரைந்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை ரயிலில் அந்தப் பெண் வந்தாள். அவள் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஸ்டேஷனுக்குப் போனேன். தோளில் பெரிய கேமராப் பையும் கையில் மூன்றுகால் ஸ்டாண்டுமாக இறங்கினாள். வழியெல்லாம் நான் கரும்பு விலையைப் பற்றியும் ரயில் கூட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். வீடு வந்துவிட்டது. அவள் மாடிக்குப் போனாள்.

பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தாள். அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. “அண்ணாச்சி, ஏன்?” என்று கேட்டாள்.

“வெள்ளையடிக்கிறவரு தெரியாம அடிச்சிட்டாரு. நான் அச்சகத்துல இருந்தேன்” என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அதையே இன்னொரு முறை சொன்னேன். ஒரு பொய்யை இரண்டு மொழியில் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு மறுபடி மேலே போனாள். அன்று முழுக்கச் சாப்பிட வரவில்லை.

மறுநாள் பொங்கல். வாசலில் பானை வைத்து, பால் பொங்குவதற்குக் காத்திருந்தோம். என் மனைவி வற்புறுத்தியதால் அவளும் கீழே வந்து நின்றிருந்தாள். எங்கள் வீட்டில் வருடா வருடம் வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலுக்கு வேட்டி துண்டு கொடுப்பது வழக்கம். அதை வாங்கிக்கொள்ள வெள்ளையடிக்கிறவர் வந்தார். இதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

அவள் அவரைப் பார்த்தாள். கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டாள். “செவுரு... கோடு... நீங்க பாக்கலயா?”

“பாத்தேனே தாயி! படமாட்டம் இருக்கு, விட்டுருதேன்னு சொன்னேன். அண்ணாச்சிதான் கிறுக்கல்னுட்டாவ. ரெண்டு தடவ அடிக்கச் சொன்னாவ.”

ரெண்டு என்று அவர் விரலையும் காட்டினார். மூன்று மாதம் எங்கள் அடுப்படியில் இருந்தவளுக்கு அவ்வளவு தமிழ் போதும். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம், “சரி அண்ணாச்சி” என்றாள். அதற்குள் பானை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குலவை போட வேண்டிய என் மனைவி போடவில்லை. “பொங்கிட்டுல்லா தாயி” என்று வெள்ளையடிக்கிறவர்தான் ஞாபகப்படுத்தினார். என் கையிலிருந்த வேட்டி துண்டை அவரிடம் கொடுக்கக் கை வரவில்லை எனக்கு. அவர் மேல்தானே பழியைப் போட்டிருந்தேன்.

அன்றைக்குப் பொங்கலும் இறங்கவில்லை, கரும்பும் இறங்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று காலை ஏழே கால் மணிக்கு நான் மாடி ஏறினேன். இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். வெள்ளைச் சுவரில் வெயில் கட்டம் விழுந்திருந்தது. முன்பு எப்படியோ, வெள்ளையில் அது கண் கூசுகிற அளவுக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

“நான்தான் அடிக்கச் சொன்னேன். படம்னு தெரிஞ்சேதான் சொன்னேன்” என்றேன்.

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழரை ஆனதும் பென்சிலை என் மனைவியிடம் கொடுக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, என்னிடம் நீட்டினாள்.

பதினெட்டு வருடம் பிரஷ் பிடித்த கை. மயிர் அளவு கோட்டை மூச்சுவிடாமல் இழுக்கிற கை. அன்றைக்கு வெயிலுக்குப் பிந்திவிட்டது. நான் கோட்டை மேலிருந்து பாதி இழுப்பதற்குள் வெயில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அவசரமாகத் துரத்தி இழுத்தேன். கோடு கோணலாக, வெளிச்சத்தின் ஓரத்தைவிட்டு ஒரு நூல் விலகி நின்றது. அழித்துப் போடட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தக் கோட்டை அவள் தொடவே இல்லை. கிளியின் மூக்கு ஞாபகம் வந்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்றைக்கே வெள்ளையடிக்கிறவர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அவர் மேல் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அந்தப் புள்ளைட்ட கேட்டியளா?” என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். சொன்னதும் கேட்டதும் ஒன்றில்லை என்று எனக்கே தெரியும். மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. முன்போலவே அண்ணாச்சி என்று கூப்பிட்டாள், தண்ணீரை அதிகம் ஊற்றினால் அதட்டினாள். அச்சகத்தைப் பற்றி மட்டும் அதன் பிறகு பேசியதில்லை.

மாசி பாதிவரைக்கும் இருந்தாள். புதிதாக ஒரு முப்பது கோடு சேர்ந்தது. எல்லாம் இடப்பக்கம் திரும்புகிற கோடுகள். அதைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், “வாரேன் அண்ணாச்சி” என்றாள்.

ஆனியில் என் மனைவி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் படைப்புதான் இருக்கிறது என்று அவள் கல்லூரியில் ஏற்றுக்கொள்ளவில்லையாம். அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்கிறாளாம். ஏன் பாதி ஆயிற்று என்று யாரிடமும் சொன்னதாக அதில் இல்லை. கூடவே ஒரு போட்டோ. வெள்ளைச் சுவரில் வரிசையாகக் கோடுகள், முதல் கோடு மட்டும் கோணல். அதை என் மனைவி சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டினாள். அடியிலிருந்த அலமாரியில் என் கிளி போட்ட தீப்பெட்டி இருந்தது.

அதன் பிறகு எத்தனையோ பொங்கல் வந்துவிட்டது. அந்தச் சுவருக்கும் வருடா வருடம் வெள்ளையடித்தோம், பிறகு பெயின்ட்டும் அடித்தாயிற்று. நானும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். இன்றைக்கும் யாராவது தாங்கள் வரைந்ததைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினால், திருத்தக் கை பரபரக்கத்தான் செய்கிறது. முதல் பூச்சு பொங்கலுக்காக அடித்தது என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இரண்டாவது பூச்சு எதற்கு என்பது நினைவுக்கு வந்ததும், கையைக் கட்டிக்கொண்டு, முதலில் பார்க்க மட்டும் செய்கிறேன்.